ஃபாஸ்மெரின் ரஷ்ய வேர்ச்சொல் அகராதி, நான்கு தொகுதிகள்: வாங்கலாமா?

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்களுக்கு அது போதும். ரஷ்ய எழுத்து வாசிக்கத் தெரியும், ஊர்ப் பெயரோ இனப் பெயரோ எங்கிருந்து வந்தது என்று தோண்டிப் பார்க்கும் பழக்கமும் உண்டு என்றால் மாக்ஸ் ஃபாஸ்மெரின் அகராதியைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். குடும்பப் பெயர்களுக்காக மட்டும் தேடுகிறீர்கள் என்றால் வேண்டாம், அதற்கு வேறு நூல்கள் இருக்கின்றன, பின்னால் சொல்கிறேன்.

நான் வாங்கியதே ஒரு குடும்பப் பெயரால்தான். மொழிபெயர்ப்புகளுக்கு மெய்ப்புப் பார்ப்பது என் வேலை. ரஷ்ய வரலாறு பற்றிய ஒரு நீண்ட கட்டுரை வந்தது. அதில் ஒரு பிரபுக் குடும்பத்தின் பெயர் முதல் பக்கத்தில் ‘உருசோவ்’ என்றும் நான்காம் பக்கத்தில் ‘உரூசவ்’ என்றும் இருந்தது. நாட்டின் பெயரை மொழிபெயர்த்தவர் ‘உருசியா’ என்று எழுதியிருந்தார். ரகரம் சொல்லுக்கு முதலில் வராது என்ற நம் இலக்கண விதிப்படி இராமன், உரோமம் என்று எழுதுவது போலத்தான் அதுவும், அதில் எனக்குக் கேள்வி இல்லை. ஆனால் உருசியா, உருசோவ் என்று இரண்டும் ஒரே வரியில் அடுத்தடுத்து நின்றபோது கை நின்றுவிட்டது. குடும்பப் பெயரில் இருக்கும் அந்த ‘உ’ தமிழ் போட்ட ‘உ’ இல்லை, ரஷ்ய மொழியிலேயே அது அப்படித்தான் இருக்கிறது. அப்படியானால் இந்த இரண்டு பெயருக்கும் தொடர்பு உண்டா, அல்லது காதுக்கு ஒன்றாகக் கேட்பது மட்டும்தானா? இணையத்தில் ஆளுக்கொரு கதை. சரி, இதற்கென்று நம்பிக்கையான ஒரு நூலை வீட்டில் வைத்துக்கொள்வோம் என்று பழைய புத்தக விற்பனையாளர் ஒருவரிடம் நான்கு தொகுதிகளையும் வரவழைத்தேன்.

எனக்குக் கிடைத்தது 1986, 1987இல் வந்த இரண்டாம் பதிப்பு. உறையைத் திறந்ததும் பதிப்பகத்தின் பெயரைப் பார்த்து ஒரு நிமிடம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ‘புரோக்ரெஸ்’, மாஸ்கோ. சின்ன வயதில் வீட்டில் இருந்த கெட்டி அட்டைத் தமிழ்ப் புத்தகங்களில் ‘முன்னேற்றப் பதிப்பகம், மாஸ்கோ’ என்று போட்டிருக்குமே, அதே பதிப்பகம்தான். தாளின் வாசனைகூட அதே போல இருந்தது. குறை என்றால் மூன்றாம் தொகுதியின் தையல் விட்டுப்போய், நடுவில் ஒரு கட்டு தாள் தனியாகக் கையோடு வந்தது. விற்றவர் படத்தில் அதைக் காட்டவில்லை. பழைய தொகுதிகள் வாங்குபவர்கள் முதுகுப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், அதிலும் மூன்றாவதைக் கட்டாயம் கேளுங்கள், அதிகம் புரட்டப்படுவது அதுதான்.

நூலின் கதையைக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். ஃபாஸ்மெர் 1886இல் பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு ஜெர்மானியக் குடும்பத்தில் பிறந்தவர், பிறகு பெர்லினில் பேராசிரியராக இருந்தவர். பல ஆண்டுகள் சேர்த்த குறிப்பு அட்டைகளும் சொந்த நூலகமும் 1944 ஜனவரியில் பெர்லின் மீது விழுந்த குண்டுகளில் எரிந்துபோயின. அவர் திரும்ப முதலிலிருந்து தொடங்கினார். ஜெர்மன் மூலம் 1950 முதல் 1958 வரை ஹைடெல்பெர்க்கில் வெளிவந்தது. அதை ரஷ்ய மொழிக்குக் கொண்டுவந்தவர் ஒலேக் துருபச்சோவ், அவரும் பெரிய அறிஞர். முதல் தொகுதி 1964இல் வந்தது. நான்காவது 1973இல் வந்தது. ஃபாஸ்மெர் 1962இலேயே இறந்துவிட்டார், தன் அகராதி தான் பிறந்த ஊரின் மொழியில் வந்ததை அவர் பார்க்கவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனது கனத்துவிடும்.

மொத்தம் 18 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகள். துருபச்சோவ் வெறுமனே மொழிபெயர்க்கவில்லை, தனக்கு உடன்பாடு இல்லாத இடங்களிலும் புதிதாகத் தெரியவந்த இடங்களிலும் சதுர அடைப்புக்குறிக்குள் தன் கருத்தைச் சேர்த்திருக்கிறார். அதனால் ரஷ்யப் பதிப்பில் ஒரே பதிவுக்குள் இரண்டு பேர் பேசுவது கேட்கும். இவர் ஒன்று சொல்வார், பக்கத்திலேயே அவர் ‘அப்படி இல்லை’ என்பார். ஜெர்மன் தெரிந்தவர்களுக்கும் நான் ரஷ்யப் பதிப்பையே பரிந்துரைப்பேன்.

இனி விஷயத்துக்கு வருவோம். மூன்றாம் தொகுதியில் ‘ரூஸ்’ பதிவு. நாட்டின் பழைய பெயர் அதுதான், அந்த மக்களுக்கும் அதுவே பெயர். இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பது ரஷ்யாவில் சாதாரணக் கேள்வி இல்லை. 1749இல் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்தில் கெர்ஹார்டு மில்லர் என்ற வரலாற்றாசிரியர் இதைப் பற்றி ஒரு உரை தயாரித்தார். பெயரும் முதல் அரசர்களும் ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்தவை என்பது அதன் சாரம். அதே கழகத்தில் இருந்த ரஷ்ய அறிஞர் லொமனோசவ் கடுமையாக எதிர்த்தார், உரையே தடுக்கப்பட்டது. அந்தச் சண்டை இன்னும் வெவ்வேறு வடிவில் நடக்கிறது. கீவுக்குத் தெற்கே ஓடும் ரோஸ் என்ற ஆற்றிலிருந்து வந்த பெயர் என்று சொல்பவர்களும் உண்டு.

ஃபாஸ்மெர் ஃபின்னிஷ் மொழிச் சொல்லின் பக்கம் நிற்கிறார். ஃபின்லாந்தில் ஸ்வீடனுக்குப் பெயர் ‘ருவோட்சி’, எஸ்தோனியாவில் ‘ரோட்சி’. அந்தச் சொல் பழைய ஸ்வீடிஷில் துடுப்புப் போடுபவர்களைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது என்பது விளக்கம். கடல் கடந்து படகில் வந்தவர்களை ஃபின்னியர்கள் துடுப்புக்காரர்கள் என்ற பொருளில் அழைத்தார்கள், அதை ஸ்லாவியர்கள் ‘ரூஸ்’ என்று வாங்கிக்கொண்டார்கள். ஒலிமாற்றத்துக்குத் துணையாக ஒரு இணை இருக்கிறது: ஃபின்னியர்கள் தங்களைச் சொல்லும் ‘சுவோமி’ பழைய ரஷ்யனில் ‘சும்’ ஆகியிருக்கிறது. ‘சுவோ’ ‘சு’ ஆனால் ‘ருவோ’ ‘ரு’ ஆகும். எனக்கு இந்த ஒரு வரிக்காகவே மொத்தத் தொகுதியும் தகும் என்று தோன்றியது. பெயர் ஒன்றுபோல ஒலிக்கிறது என்று சொல்லி நிறுத்திவிடாமல், இதே மாற்றம் இன்னொரு சொல்லிலும் நடந்திருக்கிறது பார் என்று காட்டுவதுதான் வேர்ச்சொல் ஆராய்ச்சி. நம் ஊரில் பெயர்க்காரணம் சொல்பவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த இரண்டாவது அடியை எடுத்து வைப்பதே இல்லை.

வரலாற்றுப் பதிவும் ஒன்று உண்டு. 839இல் பைசாந்தியத் தூதர்களோடு சிலர் ஃபிராங்க் பேரரசர் லூயியிடம் வருகிறார்கள், தங்களை ‘ரோஸ்’ என்கிறார்கள், விசாரித்தால் ஸ்வீடன்காரர்கள் என்று தெரிகிறது. அந்த ‘ரோஸ்’ கிரேக்க வடிவம். இன்றைக்கு ரஷ்யர்கள் தங்கள் நாட்டை ‘ரஸ்ஸீயா’ என்கிறார்கள், எழுதும்போது அதில் ஒகரம் போடுகிறார்கள். மொழியையோ ‘ரூஸ்கி’ என்கிறார்கள், அதில் உகரம். ஏன் இரண்டும் வேறு என்றால் ஒன்று கிரேக்கர்கள் வழியாகச் சுற்றி வீட்டுக்கு வந்தது, இன்னொன்று வீட்டிலேயே இருந்தது. ஃபின்னியர்கள் ‘ருவோட்சி’யை ஸ்வீடனுக்கே வைத்துக்கொண்டு ரஷ்யாவை ‘வேனயா’ என்கிறார்கள், லாத்வியர்கள் தங்களுக்குப் பக்கத்தில் இருந்த கிரிவிச்சி என்ற ஸ்லாவியக் குலத்தின் பெயரை வைத்து ‘கிரியெவியா’ என்கிறார்கள். ஒரே நாட்டுக்கு அண்டை வீட்டார் ஒவ்வொருவரும் தாங்கள் முதலில் பார்த்த ஆளின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் கிழக்கே போனால்தான் என் ‘உ’ கிடைத்தது. துருக்கிய மொழிகளிலும் பழைய சொற்கள் ரகரத்தில் தொடங்குவதில்லை. வெளியிலிருந்து வரும் சொல்லுக்கு முன்னால் ஒரு உயிரெழுத்தைச் சேர்த்துக்கொள்வார்கள், அப்படியே நம்மைப் போல. பாரசீகத்தின் ‘ரோசா’, நோன்பைக் குறிக்கும் சொல், துருக்கியில் ‘ஒருச்’ ஆனது. நாம் ரோமாபுரியை உரோமாபுரி என்று எழுதுகிறோம், அவர்கள் ‘ரூம்’ என்பதை ‘உரூம்’ ஆக்கினார்கள், உக்ரைனில் மரியுபோல் பக்கத்தில் துருக்கிய மொழி பேசும் கிரேக்க மக்களுக்கு இன்றும் உரூம் என்றே பெயர். அதே வழியில் ரூஸ் ‘உருஸ்’ ஆனது. மங்கோலியர்கள் ‘ஓரோஸ்’ என்றார்கள். அவர்களிடமிருந்து சீனர்களுக்குப் போய் ‘எலுவோசி’ ஆயிற்று. ஹங்கேரியில் ‘ஓரோஸ்’ என்பது ரஷ்யரைக் குறிக்கும் சொல், பரவலான குடும்பப் பெயரும்கூட. பாஸ்க் மொழியில் ‘எர்ருசியா’. தமிழ் விக்கிப்பீடியாவில் ‘உருசியா’ என்று பார்த்து, இதெல்லாம் எதற்குத் தேவையில்லாமல் என்று சலித்துக்கொள்பவர்களை எனக்குத் தெரியும். துருக்கிய மொழிகள், பாஸ்க், தமிழ் என்று ஒன்றோடொன்று தொடர்பில்லாத மொழிகள் ஒரே இடத்தில் ஒரே வேலையைச் செய்திருக்கின்றன. தமிழ் அதில் தனியாக நிற்கவில்லை.

இங்கேதான் அகராதியின் எல்லையும் தெரிந்தது. குடும்பப் பெயர்கள் இதில் மிகச் சிலவே. உருசோவ் கதையை நான் வேறு இடங்களில் தேடித்தான் சேர்த்தேன். குடும்பப் பெயர்களுக்கு இரண்டு நூல்கள்: ஒன்று பரீஸ் உன்பெகாவுன் எழுதியது, ஆங்கிலத்தில் 1972இல் வந்து பின்னர் ரஷ்யனில் 1989இல் வந்தது. ரஷ்யக் குடும்பப் பெயர்களின் அமைப்பு முழுவதும் அதில் இருக்கிறது. இன்னொன்று நிக்கலாய் பஸ்ககோவ் எழுதிய, துருக்கிய மூலம் கொண்ட ரஷ்யக் குடும்பப் பெயர்கள் பற்றிய நூல், 1979. பஸ்ககோவைக் கொஞ்சம் எச்சரிக்கையோடு படிக்க வேண்டும், எல்லாவற்றிலும் துருக்கிய வேர் காணும் ஆர்வம் அவருக்கு அதிகம் என்பது என் கருத்து.

உருசோவ் விஷயம் இதுதான். வோல்காவுக்குக் கிழக்கே மேய்ச்சல் வெளியில் நொகாய் மக்களின் அரசு இருந்தது. அதன் தலைவர்களில் ஒருவர் பெயர் உருஸ், 1578 முதல் 1590 வரை ஆண்டவர், இஸ்மாயிலின் மகன். உருஸ் என்றால் ரஷ்யன் என்று பொருள். ரஷ்யரல்லாத, துருக்கிய மொழி பேசிய, முஸ்லிமான ஒரு தலைவருக்கு ரஷ்யன் என்று பெயர். அவருடைய வழிவந்தவர்கள் மாஸ்கோவின் பணியில் சேர்ந்து, ஞானஸ்நானம் பெற்று, ரஷ்யப் பிரபுக்கள் ஆனபோது அந்தப் பெயரோடு ‘ஓவ்’ ஒட்டி உருசோவ் ஆனார்கள். ஸ்வீடன் கடற்கரையில் துடுப்புக்காரனாகக் கிளம்பிய சொல் ஃபின்னியர் வாயில் ஒரு மாதிரி, ஸ்லாவியர் வாயில் ஒரு மாதிரி ஆகி, மேய்ச்சல் வெளிக்குப் போய் முன்னால் ஒரு உகரத்தை வாங்கிக்கொண்டு, அந்த உகரத்தோடேயே மாஸ்கோவுக்குத் திரும்பி வந்து, ரஷ்யர்களே தங்கள் பழைய பெயர் என்று அடையாளம் காண முடியாத ஒரு குடும்பப் பெயராக உட்கார்ந்துவிட்டது.

இந்தக் குடும்பத்தை நீங்கள் பார்த்திருக்கவும் கூடும். சூரிக்கோவ் 1887இல் வரைந்து முடித்த ‘பயாரினா மரோசவா’ (பிரபுக் குலப் பெண் மரோசவா) ஓவியம், மாஸ்கோ திரெத்யக்கோவ் கலைக்கூடத்தில் இருக்கிறது. பனியில் சறுக்கு வண்டியில் சங்கிலியோடு கொண்டுபோகப்படும் பெண் கையை உயர்த்தி, சிலுவை அடையாளம் போடும் பழைய முறைப்படி இரண்டு விரல் காட்டுகிறாள். எல்லோரும் அவளைத்தான் பார்ப்பார்கள். வண்டிக்குப் பக்கத்திலேயே கைகளைக் கோத்துக்கொண்டு நடந்து வருகிறாளே ஒருத்தி, அவள் தங்கை யெவ்தக்கீயா, உருசோவ் குடும்பத்து மருமகள். திருச்சபையின் புதிய சடங்குகளை ஏற்க மறுத்ததற்காக இருவரையும் பரோவ்ஸ்க் என்ற ஊரில் மண்குழிச் சிறையில் அடைத்துப் பட்டினி போட்டார்கள், இருவரும் 1675இல் இறந்தார்கள். பழைய ரஷ்ய நம்பிக்கைக்காக உயிரை விட்டவள் சுமந்த குடும்பப் பெயர் நொகாய்த் தலைவனுடையது. கட்டுரையில் இவள் பெயர் ஒரே ஒரு வரியில்தான் வந்தது, அந்த வரியில் எழுத்துப்பிழை இருக்கக் கூடாது என்று எனக்குப் பிடிவாதமே வந்துவிட்டது.

உருஸின் தந்தை இஸ்மாயில் தன் அண்ணன் யூசுபைக் கொன்று தலைமைக்கு வந்தவர். அந்த யூசுபின் வழியில் வந்தவர்கள்தான் யூசுப்போவ்கள், 1916 டிசம்பரில், ஜார் குடும்பத்துக்கு நெருக்கமாக இருந்த சாமியார் ரஸ்புத்தீன் கொல்லப்பட்ட அரண்மனைக்குச் சொந்தக்காரர்கள். யூசுப் என்ற பெயரே நமக்கு மூன்று வேடத்தில் தெரியும்: யூசுப், யோசேப்பு, போர்த்துக்கீசியர் வழியாக வந்த சூசை. யூசுபின் மகன்களுக்கு ஜார் இவான் வோல்காக் கரையில் கொடுத்த ஊரின் பெயர் ரோமனோவ். ரஷ்யாவை ஆண்ட ரோமனோவ் அரச குலத்துக்கும் அந்த ஊருக்கும் பெயரில் தொடர்பு இல்லை, வேறொரு ரோமன் என்ற இளவரசரின் ஊர் அது. ரோமனோவ் செம்மறியாடு என்று கால்நடை வளர்ப்பவர்கள் சொல்வது அந்த ஊரை வைத்துத்தான். 1918இல் அந்த ஊரின் பெயரை மாற்றி, கொல்லப்பட்ட செம்படை வீரர் ஒருவரின் குடும்பப் பெயரை அப்படியே வைத்தார்கள்: துத்தாயெவ்.

ஊரும் ஆளும் ஒரே பெயராக இருந்தால் எப்படிப் பிரிப்பது என்று கேட்பீர்கள். ‘ஓவ்’ என்பது ஆதியில் ‘யாருடையது’ என்பதற்குப் பதில், ரோமனுடையது ரோமனோவ். அது ஊருக்கும் பொருந்தும், மகனுக்கும் பொருந்தும். ஆனால் வேற்றுமை உருபு ஏறும்போது ரஷ்யன் இரண்டையும் பிரித்துவிடுகிறது: ரோமனோவ் என்ற ஆளோடு என்றால் ‘ரோமனோவிம்’, ரோமனோவ் ஊரருகே என்றால் ‘ரோமனோவொம்’. ஒரே ஒரு உயிரெழுத்து, அதை வைத்து மனிதனா ஊரா என்று தெரிந்துவிடும். இதைக் கண்டுபிடித்த அன்று மாலை முழுக்க நான் பார்த்தவர்களிடமெல்லாம் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

‘ஓவ்’ என்று முடிந்தாலே அந்த உருபு என்றும் நினைக்கக் கூடாது. சராத்தோவ் என்ற வோல்கா நகரம் 1590இல் கட்டப்பட்டது, பார்த்தால் யாரோ சராத் என்பவரின் ஊர் போல இருக்கும். ஆனால் ‘சாரி தாவ்’, துருக்கிய மொழிகளில் மஞ்சள் மலை, என்பதே பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். கேட்டவர்கள் தங்களுக்குப் பழக்கமான முடிவாக அதை மாற்றிக்கொண்டார்கள். எதிர்ப்பக்க உதாரணம் மஸ்கோவிட்ஸ் என்ற யூதக் குடும்பப் பெயர், மாஸ்கோவோடு அதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை, மோஷே என்ற பெயரின் செல்ல வடிவமான மோஷ்கோவிலிருந்து வந்தது.

மாஸ்கோ பதிவு இரண்டாம் தொகுதியில். 1147இல் முதல் குறிப்பு வரும் இந்தப் பெயர் முதலில் ஆற்றுடையது. ரஷ்யர்கள் ‘மஸ்க்வா’ என்னும்போது நாம் ஏன் ‘மாஸ்கோ’ என்கிறோம் என்பதற்கு இங்கே விடை இருக்கிறது. பழைய ரஷ்யனில் இதன் எழுவாய் வடிவம் வேறு, மற்ற வேற்றுமைகளில் ‘மஸ்கோவ்’ போல ஒலித்தது. வெளிநாட்டார் அதைப் பிடித்துக்கொண்டார்கள், ரஷ்யர்கள் பின்னால் ‘மஸ்க்வா’வுக்குப் போய்விட்டார்கள். இறுதி ‘வா’ தண்ணீரைக் குறிக்கும் கோமி மொழிச் சொல் என்று ஒரு பழைய கருத்து உண்டு. அந்த ‘வா’ கொண்ட ஆறுகள் கோமி மக்கள் வாழும் உரால் பக்கம்தான் இருக்கின்றன, அங்கிருந்து மாஸ்கோ வரை நடுவே எதுவும் இல்லை என்பதால் அது நிற்கவில்லை.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். எழுத்து மிகப் பொடி. சுருக்கக் குறியீடுகள் முதல் தொகுதியின் முன்பக்கங்களில் வரிசையாக இருக்கின்றன, அவற்றைப் பழகவே எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. ஜெர்மன் மூலம் முடிந்தே 60 ஆண்டுக்கு மேல் ஆகிறது, ஃபின்னிய, உக்ரிய மொழிகளின் ஊர்ப் பெயர்கள் பற்றிப் பின்னால் நிறைய வேலை நடந்திருக்கிறது, அவற்றை இதில் எதிர்பார்க்கக் கூடாது. சில பதிவுகள் நான்கே வரியில் ‘தெளிவில்லை’ என்று முடிந்துவிடும். எனக்கு அது குறையாகப் படவில்லை, காசு கொடுத்து வாங்கியவருக்குக் கோபம் வரலாம். இணையத்தில் இலவசமாகவே தேடிப் பார்க்கும் வசதி உண்டு, ஒரு சொல்லைச் சட்டென்று பார்க்க அதுவே போதும். நான் அச்சுப் பதிப்பை வைத்திருப்பதற்குக் காரணம், தேடிய சொல்லுக்கு மேலும் கீழும் கண் போகிறது. ‘நெமெத்ஸ்’, ஜெர்மானியன், என்ற சொல்லில் அப்படித்தான் போய் விழுந்தேன். பேச வராதவன், ஊமை என்ற சொல்லிலிருந்து வந்தது, முன்பு எந்த வெளிநாட்டானுக்கும் பொருந்தியது. அதிலிருந்து நெம்த்சோவ் என்ற குடும்பப் பெயர். உருசோவுக்கு நேர் எதிர்ப்பக்கம் நிற்கும் பெயர், நான் அதைத் தேடிப் போகவே இல்லை.

கட்டுரையில் கடைசியில் ‘உருசோவ்’ என்றே வைத்தோம். ரஷ்யர்கள் உச்சரிப்பது ‘உரூசஃப்’ போலத்தான் இருக்கும், செகாவ் என்று நாம் ஒலியைப் பின்பற்றி எழுதுகிறோமே என்று மொழிபெயர்த்தவர் கேட்டார், நியாயமான கேள்விதான். ஆனால் ரோமனோவ், யூசுப்போவ் என்று அதே பக்கத்தில் எழுதிவிட்டு இதை மட்டும் மாற்ற முடியாது. ‘உருசியா’வைத் தொடவில்லை.